புளோக் பூனைக்குக் கருத்தடை: கூண்டு வாங்கும் முன் தேதி வாங்குங்கள்

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு மூன்று நிறப் பூனை இருக்கிறது. எதிர் வீட்டு மக்சிக் (மலாய் அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை 'பெலாங்' என்று கூப்பிடுவார். ஒரே ஆண்டில் அது மூன்று முறை குட்டி போட்டது. மூன்றாவது ஈற்றைத் தடுத்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம், எதை முதலில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாததுதான்.

ஒரு சனிக்கிழமை இரவு கடன் வாங்கிய கூண்டை வைத்தேன். இருபதே நிமிடத்தில் பெலாங் உள்ளே வந்துவிட்டது. அப்புறம்தான் கிளினிக்குகளுக்குப் பேச ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கும் இடமில்லை. திங்கட்கிழமை ஒரு கிளினிக்கில் மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் வீட்டுப் பூனைக்கான முழுக் கட்டணம் கேட்டார்கள். ஒன்றரை நாள் கூண்டில் கத்திய பூனையைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் அது கூண்டு இருக்கும் பக்கமே வரவில்லை. மறுபடி பிடித்தபோது நான்கு குட்டிகள் பிறந்து, அவற்றில் இரண்டு இறந்தும் போயிருந்தன.

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து, புளோக்கின் கீழ்த்தளத்தில் திரியும் பூனைக்குச் சோறு போட ஆரம்பித்து, "இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமே" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதே வரிசையில் போனால் நான் பட்ட பாடு உங்களுக்கு வராது.

1. முதலில் காதைப் பாருங்கள்

இங்கே கருத்தடை செய்த தெருப்பூனைக்கு இடது காதின் நுனியை நேர்க்கோடாக வெட்டிவிடுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே செய்வதால் அதற்கு வலி தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்: ஒரு காது கூர்மையாகவும் மற்றது தட்டையாகவும் இருக்கும். சண்டையில் கிழிந்த காது ஓரம் பிசிறாக இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகமாக இருந்தால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

காது முழுதாக இருப்பதாலேயே அதைத் தெருப்பூனை என்று முடிவுகட்டவும் கூடாது. கதவு திறந்திருந்தபோது வெளியே வந்த வீட்டுப் பூனையாக இருக்கலாம். கழுத்துப்பட்டை இருக்கிறதா, தொட்டால் ஓடாமல் நிற்கிறதா, உடம்பு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பூனை போலத் தெரிந்தால் மின்தூக்கிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் படம் போட்டு, இரண்டு நாள் பொறுங்கள். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் தோளுக்கு நடுவே கருவியை வைத்து நுண்சில்லு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். சில்லில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. காட்டும் என்று நினைத்துக் கதவைத் திறந்து விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. ஏற்கெனவே சோறு போடுபவரைக் கண்டுபிடியுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு யாரும் ஆரம்பிக்காதீர்கள். அநேகமாக எல்லாப் புளோக்கிலும் ஒருவர் இருப்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் பையோடு இறங்கி வருவார், பெரும்பாலும் வயதான சீன ஆன்ட்டியாகவோ மக்சிக்காகவோ இருப்பார். எந்தப் பூனை எங்கே பிறந்தது, எதற்குக் கருத்தடை ஆயிற்று, எது சினையாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவரிடம் சொல்லாமல் கூண்டு வைத்தால் இரண்டு தொல்லை. நீங்கள் பட்டினி போட்ட பூனைக்கு அவர் வழக்கம்போல் வயிறு நிறையப் போட்டுவிடுவார். அது கூண்டுக்குள் வராது, வந்தாலும் நிறைந்த வயிற்றோடு மயக்க ஊசி போட முடியாது. இரண்டாவது, யாரோ பூனையைத் திருடுகிறார்கள் என்று அவர் போலீசைக் கூப்பிடலாம். பூனைகளைத் துன்புறுத்திய செய்திகள் இங்கே அடிக்கடி வருவதால் சோறு போடுபவர்கள் எச்சரிக்கையாகத்தான் இருப்பார்கள், அது நியாயமும்கூட. எங்கள் மக்சிக்கிடம் பேச எனக்கு வந்த மலாய் நான்கு வார்த்தை. அதுவே போதுமாக இருந்தது.

அப்படியே ஒரு பட்டியல் போடுங்கள்: எத்தனை பூனை, என்ன நிறம், ஆணா பெண்ணா, காது வெட்டியிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பின்னால் இந்தப் பட்டியலைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

3. எது சட்டப்படி சரி, எது குற்றம்

தெருப்பூனைக்குச் சோறு போடுவது குற்றம் இல்லை. மிச்சத்தைத் தரையில் விட்டுப்போவது குப்பை போடும் குற்றம். தட்டிலோ தாளிலோ வையுங்கள், தின்று முடிக்கும்வரை நில்லுங்கள், துடைத்து எடுத்துக்கொண்டு போங்கள். சிந்தியதைப் புறா தின்றால் சிக்கல் இன்னும் பெரிது, புறாவுக்குத் தீனி போடுவது வனவிலங்குச் சட்டத்தில் தனிக் குற்றம்.

பூனையைப் பிடித்து வேறு பேட்டையில் விடுவது "நல்ல இடமாகப் பார்த்து விட்டேன்" என்று சிலர் சொல்லும் காரியம். தயவுசெய்து வேண்டாம். புதிய இடத்துப் பூனைகள் அதை அடித்து விரட்டும், சோறு எங்கே கிடைக்கும் என்று அதற்குத் தெரியாது. வீட்டில் வளர்த்த பூனையை இப்படி விட்டால் அது கைவிடுதல். முதல் முறையே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

அக்கம்பக்கத்தார் புகார் செய்தால் சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் காலணி அலமாரி பக்கம் மூத்திர நாற்றம், காரின் மேல் கீறல், ராத்திரியில் கத்தல், இவைதான் காரணம். கத்தலும் மூத்திரம் அடிப்பதும் கருத்தடைக்குப் பிறகு வெகுவாகக் குறையும் என்று சொல்லி, தேதி வாங்கியிருப்பதைக் காட்டுங்கள். தேதியைக் கண்ணால் பார்த்தவர்கள் காத்திருக்க ஒப்புக்கொள்கிறார்கள். பேச்சு முற்றினால் பூனை நலச் சங்கத்தார் சமரசம் பேச வருவார்கள்.

4. தேதி

எல்லாவற்றுக்கும் மேல் முக்கியம் இதுதான். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் ஏவிஎஸ் என்ற விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு இருக்கிறது. பூனைகளுக்கான புதிய விதிமுறைகள் 2024 செப்டம்பர் 1 அன்று நடப்புக்கு வந்தபோது, முன்பு நாய்களுக்கு மட்டும் இருந்த டிஎன்ஆர்எம் திட்டத்தைப் பூனைகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். தெருப்பூனையைப் பிடித்து, கருத்தடை செய்து, நுண்சில்லு பொருத்தி, வீடு கிடைத்தால் கொடுப்பது, கிடைக்காவிட்டால் பிடித்த இடத்திலேயே விடுவது என்பதுதான் திட்டம். பூனை நலச் சங்கமும் விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் இதில் துணை நிற்கின்றன. இந்த வழியாகப் போனால் அறுவைக்கு உங்கள் பையிலிருந்து பணம் போகாது. நேராக ஒரு கிளினிக்குக்குப் போய் "பூனைக்குக் கருத்தடை" என்று மட்டும் சொன்னால் வீட்டுப் பூனைக் கட்டணத்தைத்தான் சொல்வார்கள். தவறு அவர்களுடையது இல்லை. தெருப்பூனை என்று சொல்லி, எந்தத் திட்டத்தின் கீழ் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏவிஎஸ் இணையத்தளத்தில் விவரம் கொடுக்கலாம், அல்லது மேலே சொன்ன சங்கங்களில் ஒன்றுக்கு எழுதலாம். எழுதும்போது இவற்றைச் சேர்த்துவிட்டால் திரும்பத் திரும்பக் கேள்வி வராது: புளோக் எண், பூனைகளின் எண்ணிக்கை, படங்கள், குட்டியோ சினையோ உண்டா, சோறு போடுபவர் யார், பிடிக்க நீங்களே தயாரா அல்லது ஆள் வேண்டுமா.

தேதி கிடைத்ததும் நான்கு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காலை எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும்? அன்று மாலையே திரும்ப எடுக்க வேண்டுமா, ராத்திரி அங்கே தங்க முடியுமா? சினையாக இருந்தால் என்ன செய்வார்கள்? நோய் இருப்பது தெரிந்தால் அந்தச் செலவு யாருடையது? கடைசிக் கேள்வியை எல்லோரும் மறக்கிறார்கள். அறுவை இலவசமாக இருந்தாலும் பல் சீழுக்கோ கண் புண்ணுக்கோ பார்க்கும் வைத்தியம் அதற்குள் அடங்காமல் போகலாம். எவ்வளவு வரைக்கும் உங்களால் முடியும் என்று முன்பே மனத்தில் ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பூனை எட்டு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும். இங்கே குளிர்காலம் கிடையாது, ஆகவே ஆண்டு முழுவதும் இதே கதை. ஒரே இடத்தில் ஐந்து பூனை இருந்தால் பெண்களுக்கு முதலில் தேதி கேளுங்கள். பட்டியலில் உள்ள மற்றவற்றை மாதக்கணக்கில் தள்ளிப் போடவும் வேண்டாம். இரண்டைச் செய்து இரண்டை விட்டால் அடுத்த ஆண்டு எண்ணிக்கை பழையபடி வந்து நிற்கும்.

5. பிடிக்கும் இரவு

கூண்டு வாங்க வேண்டியதில்லை. சோறு போடுபவர்களின் குழுக்களில் கேட்டால் கடன் கிடைக்கும். மிதித்தால் கதவு விழும் கம்பிக் கூண்டு வேண்டும். வீட்டுப் பூனையைத் தூக்கிப் போகும் பிளாஸ்டிக் கூடை தெருப்பூனைக்குச் சரிவராது.

வேண்டியவை: கூண்டு, அதை முழுதாக மூடும் அளவுக்குப் பெரிய பழைய துண்டோ படுக்கை விரிப்போ, அடியில் விரிக்க நாளிதழ், கனத்த கையுறை, எண்ணெயில் போட்ட மத்தி அல்லது டூனா டின் ஒன்று.

பிடிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரியே சோற்றை நிறுத்துங்கள். மறுநாள் ராத்திரி, ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு, பூனை வழக்கமாகத் தின்னும் அதே இடத்தில் கூண்டை வையுங்கள். கூண்டு ஆடினால் பூனை திரும்பிவிடும், அதனால் தரை சமமாக இருக்க வேண்டும். நாளிதழை மிதிபலகைக்கு மேலும் விரித்துவிடுங்கள், காலில் கம்பி படாது. டூனாவின் எண்ணெயை வாசலிலிருந்து உள்ளே கோடு போட்டதுபோல் சொட்டிவிட்டு, மீனின் பெரிய துண்டைப் பலகைக்கு அப்பால், கடைசி மூலையில் வையுங்கள். பலகைக்கு இந்தப் பக்கம் வைத்தால் தலையை மட்டும் நீட்டித் தின்றுவிட்டுப் போய்விடும்.

பிறகு தள்ளி நின்று காத்திருங்கள். கூண்டை விட்டுப் போகவே கூடாது. மழை அடிக்கும், யாராவது எடுத்துப் போவார்கள், வேறு பூனை மாட்டும். பெலாங் இரண்டாம் முறை மாட்டிய ராத்திரி நான் தூணுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் மூக்கை வைத்து, பின்வாங்கி, உட்கார்ந்து முன்காலை நக்கியது. மறுபடி வந்து ஒரு காலை உள்ளே வைத்தது. வயிறு தரையை உரச உரச நகர்ந்து போய்க் கடைசிக் கம்பியில் மூக்கு பட்டபோதுதான் பின்கால் பலகையில் ஏறியது. கதவு விழுந்த சத்தத்தில் என் நெஞ்சும் விழுந்தது.

கதவு விழுந்த உடனே ஓடிப்போய் துணியால் மூடுங்கள். இருட்டானால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். மூடாவிட்டால் கம்பியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். கையை உள்ளே விடாதீர்கள். சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் 1953-லிருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் பூனைப் பல் ஊசி போல் ஆழமாக இறங்கி ஒரே நாளில் கை வீங்கிவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

காது வெட்டிய பூனை மாட்டினால் அப்படியே திறந்துவிடுங்கள். முலைக்காம்பு சிவந்து தடித்திருந்தால் எங்கோ குட்டி இருக்கிறது என்று அர்த்தம். இரவோடு இரவாக நீங்களே முடிவெடுக்காமல், கிளினிக்கிடம் கேளுங்கள். குட்டிகள் எட்டு வாரத்துக்குக் குறைவானவை என்றால் தாயை எவ்வளவு நேரம் பிரிக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

6. கிளினிக்குக்குப் போகும் காலை

நள்ளிரவிலிருந்து சாப்பாடு இல்லை, தண்ணீர் கொஞ்சம் வைக்கலாம். சின்னக் குட்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதற்குப் பட்டினி நேரம் மிகக் குறைவு, கிளினிக் சொல்வதைச் செய்யுங்கள்.

பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் பூனையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். சாதாரண டாக்சி ஓட்டுநர் கம்பிக் கூண்டைப் பார்த்துவிட்டு மறுக்கக்கூடும். கிராப்பெட் போன்ற செல்லப்பிராணி வண்டியை முதல் நாளே பதிவு செய்யுங்கள், காலை எட்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது. எனக்கு மொத்தத்தில் ஆன செலவில் பாதிக்கு மேல் இந்தப் போக்குவரத்துதான். இரண்டு மூன்று பூனையை ஒரே நாளில் செய்தால் அது பங்காகும்.

ஒப்படைக்கும்போது "இடது காது வெட்ட வேண்டும்" என்று ஞாபகப்படுத்துங்கள். வெட்டாமல் திரும்பினால் அடுத்த ஆண்டு வேறொருவர் அதே பூனையைப் பிடித்து மறுபடி மயக்க ஊசி போடுவார். திரும்ப வாங்கும்போது கருத்தடைச் சான்று, சில்லு எண், கொடுத்த மருந்தின் விவரம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

7. தங்கவைத்து விடுவது

ஆண் பூனையை ஒரு நாளிலும், பெண்ணை இரண்டு மூன்று நாளிலும் விடலாம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கூண்டை மழையும் வெயிலும் படாத இடத்தில், துணி மூடியபடியே வையுங்கள். எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம். அன்று ராத்திரி கொஞ்சமாகச் சாப்பாடு போதும். மறுநாளும் தின்னாவிட்டால், தையல் விரிந்தால், ரத்தம் கசிந்தால் கிளினிக்குக்குப் பேசுங்கள்.

பிடித்த இடத்திலேயே, வாகனம் குறைந்த நேரத்தில், கூண்டின் வாயைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துத் திறங்கள். பாய்ந்து ஓடும், இரண்டு நாள் கண்ணில் படாமலும் போகும். சோறு போடுபவரிடம் சொல்லிவிடுங்கள், அவர்தான் காயத்தைக் கவனிக்கப் போகிறார். ஆண் பூனைக்குக் கருத்தடை ஆன பிறகும் சில வாரம் சினைப்படுத்தும் வலு இருக்கும். அதைப் பெண் பூனையோடு அடைத்து வைக்காதீர்கள்.

8. குட்டியையோ பூனையையோ வீட்டுக்கு எடுப்பதென்றால்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இப்போது இரண்டு பூனை வரை வளர்க்கலாம். தனியார் வீட்டில் பூனையும் நாயும் சேர்த்து மூன்று. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதலை முதலில் எழுத்தில் வாங்குங்கள். பின்னால் "பூனை கூடாது" என்று சொன்னால் தெருவில் விடுவதைத் தவிர வழியில்லாத நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

உரிமம் கட்டாயம். 2024 செப்டம்பர் 1 முதல் 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம், அதுவரை உரிமக் கட்டணம் இல்லை. கருத்தடை செய்த பூனைக்கு ஆயுள் முழுவதுக்குமான உரிமமே கிடைக்கும். 2026 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமல் வளர்ப்பது குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம். ஏற்கெனவே இரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் இடைக்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் உரிமம் எடுத்துவிட்டால் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

வரிசை இப்படி: பூனை வளர்ப்புக்கான இணையப் பாடத்தை முடியுங்கள், இலவசம்தான். கிளினிக்கில் சில்லு பொருத்துங்கள். பிறகு சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக, ஏவிஎஸ்ஸின் உரிமத் தளமான பால்ஸில் விண்ணப்பியுங்கள். பாடம் முடிக்காமல் விண்ணப்பத்தில் நுழைந்து பாதியில் நிற்பவர்கள்தான் அதிகம். கருத்தடைச் சான்றும் சில்லு எண்ணும் கையில் இருக்கட்டும், எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீட்டுப் பூனைக் கருத்தடைக்கும் சில்லுக்கும் தனி உதவித் திட்டம் உண்டு, ஏவிஎஸ்ஸிடம் தகுதி கேளுங்கள்.

பூனை வருவதற்கு முன் சன்னல்களுக்கும் வாசல் கிரில்லுக்கும் வலை அடியுங்கள். "எங்கள் பூனை குதிக்காது" என்று ஒன்பதாவது மாடியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். குதிப்பதில்லை, புறாவைப் பார்த்துக்கொண்டே வழுக்கி விழுகிறது. வலை கிரில்லின் உட்புறம் இருக்கட்டும். பொது நடைபாதையில் பூனைக்கென்று கூண்டோ அலமாரியோ வைக்காதீர்கள், தீ விபத்தில் வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும். வெளியே கொண்டுபோனால் வாரில் அல்லது கூடையில்.

பெலாங்கின் இரண்டு குட்டிகளையும் எட்டு வாரம் ஆன பிறகு எடுத்தோம். ஒன்று எங்களிடம், இன்னொன்று ஆறாம் மாடியில் ஒரு குடும்பத்திடம். நீங்களும் இன்னொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் பூனையோடு ஓர் உறையும் கொடுங்கள்: சில்லு எண், தடுப்பூசி அட்டை, கருத்தடை ஆகாவிட்டால் அதற்கு வாங்கிய தேதி. உரிமம் அவர்கள் பெயரில் வந்ததும் அதன் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள்.